மூளைப் படம் எடுக்கப் போன அண்ணனும் தங்கையும்

போன வாரம் என் மூளையைப் படம் எடுத்தார்கள்.

பயப்படாதீர்கள். நோய் ஒன்றும் இல்லை. ஆசைதான்.

கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கின் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மனித அறிவாற்றல் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய உடன்பிறப்புகள் தேவை. ஜோடியாக வர வேண்டும். சில புதிர்கள், அரை மணி நேரம் ஸ்கேன். போகும்போது உங்கள் மூளையின் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்போம்...

கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. சொந்த மூளையின் படம்! ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டலாமே?

சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் ‘மூளைக்காரன்’ என்றால் நான்தான். வருகிறவர்களிடம் அப்பா அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். “இவன் மூளைக்காரன். இது... சாந்தி.” அவ்வளவுதான். என் தங்கைக்கு அடைமொழி கிடையாது.

சாந்தி என்னைவிட நான்கு வயது சின்னவள். பூச்சோங்கில் இருபத்திரண்டு வருடங்களாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். எனக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. அவளுக்குத்தான் போன் போட்டேன்.

“எனக்கு அங்க என்னா வேல? நீ போயிட்டு வா லா.”

“ஜோடியா வரணுமாம்.”

“ணே, உள்ள பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டா?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பள்ளி விடுமுறைதானே, முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று ஆசை காட்டினேன். வந்தாள். தன் வேனிலேயே வந்தாள்.

எங்களை வரவேற்றவர் டாக்டர் நிவேதா. மதுரைக்காரப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். ஆராய்ச்சி வேலைக்காக இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறதாம். “வாங்க சார், வாங்க மேடம்” என்றார்.

“அலாமா... மேடம் வேணாம் டாக்டர். அக்கான்னு கூப்பிடுங்க. மேடம்னா எங்க பெரிய டீச்சர் ஞாபகம் வருது.”

முதலில் நான். கட்டங்களுக்குள் விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் — சுலபம். சொற்களுக்குப் பொருள் — கேட்க வேண்டுமா? வெளுத்து வாங்கினேன். பிறகு நிவேதா கடிகாரத்தைத் தட்டினார்.

“ஒரு நிமிஷம் டைம் சார். மிருகம், பறவை, மீன்... உசுருள்ள எதுவா இருந்தாலும் பேர் சொல்லிக்கிட்டே போங்க. எந்த மொழியிலயும் சொல்லலாம்.”

இதற்குப் போய் ஒரு ஆராய்ச்சியா? அகர வரிசையில் போவது என்று முடிவு செய்தேன். ஒழுங்காக இருக்குமல்லவா? அணில். அன்னம். ஆடு. ஆமை. ஆந்தை. இ...

இ...

தாண்டிப் போயிருக்கலாம். ‘ஈ’ என்று சொல்லியிருந்தாலே ஒன்று கூடியிருக்கும். ஆனால் வரிசையை விட மனசு வரவில்லை. நிமிஷம் முடிந்துவிட்டது. பத்திரிகையில் எழுத்தை வைத்துப் பெயர் வாங்கியவன் ஒரே ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டேன். வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது — இறால்!

அடுத்து சாந்தி உள்ளே போனாள்.

மூன்றே நிமிடம். கதவு திறந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். “ணே, நான் கீழ காடியில ஒக்காந்திருக்கேன்” என்றாள். நிற்காமல் லிஃப்ட்டுக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே நிவேதா ஓடி வந்தார், கையில் பென்சிலோடு. “நான் எதுவுமே சொல்லல சார். பேப்பரையும் பென்சிலையும் குடுத்தேன். பேர்கூட எழுதல. ஸாரின்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாங்க.”

கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். வேனுக்குள் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“இதுல என்னா பயம் சாந்தி? சும்மா சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு மாதிரிதான்...”

“நீ எழுதுனல்ல, கோழி கத?”

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதினேன். கதை நடந்தபோது நாங்கள் காப்பாரில் இருந்தோம். சாந்திக்கு ஒன்பது வயது. ஹால் நிறைய உறவினர்கள். மூளைக்காரன் தங்கையைக் கேள்வி கேட்கிறான் — ஒரு கோழி தினமும் ஒரு முட்டை போட்டால் வாரத்துக்கு எத்தனை முட்டை? தங்கை சொல்கிறாள்: ஆறு. ஏன்? ஞாயிற்றுக்கிழமை லீவு!

நீங்கள் சிரித்தீர்கள். பலர் கடிதம் போட்டீர்கள். ‘தங்கை நலமா? கோழி நலமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் மகிழ்ந்துபோனேன்.

“எங்க தாமான்ல வீட்டுக்கு வீடு அத படிச்சாங்க. பிள்ளைங்கள ஏத்திவிட வர்ற அம்மாங்க, ‘என்னா ஆன்டி, ஞாயித்துக்கெழம லீவா?’ன்னு கேப்பாங்க. நானும் சிரிப்பேன். நாலு வருஷமா சிரிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“தமாஷுக்குத்தானே எழுதுனேன்...”

“லீவுன்னு நான் சொன்னேனா?”

நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

“சொல்லு ணே. நான் சொன்னேனா?”

சொல்லவில்லை. எழுதும்போது கதை சப்பென்று இருந்தது. ஒரு வரி சேர்த்தேன். பிறகு பத்துப் பேரிடம் அப்படியே சொல்லிச் சொல்லி, அது நடந்ததாகவே நானும் நம்பிவிட்டேன். உண்மை, அவள் கேட்டபோதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

“நான் ‘அஞ்சு, செல வாரம் ஆறு’ன்னு சொன்னேன். ஏன்னா நம்ம வீட்டுக் கோழி அவ்வளவுதான் போடும். தெனமும் போயி எடுக்கறது நான்தானே? அது எங்க முட்ட போடும்னே ஒனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாதான் ரொம்ப சிரிச்சாரு. அதுக்கப்புறம் யாராச்சும் பேப்பர நீட்டிக் கேள்வி கேட்டா எனக்கு வாய் வராது ணே. சோதன ஹால்ல பேர் எழுதறதுக்கே பத்து நிமிஷம் ஆவும்.”

‘சாந்திக்குப் படிப்பில் ஆர்வமில்லை’ என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை வருடமும் சொல்லி வந்தோம்.

யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு மூளைக்காரன் பட்டம் கட்டியாகிவிட்டால், பக்கத்தில் நிற்பதற்கு ஒரு மக்குப் பிள்ளை வேண்டியிருக்கிறது. ஸ்கேன் கிடையாது, புதிர் கிடையாது. சாப்பாட்டு மேசையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அப்பீலும் கிடையாது.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். நிவேதா. இப்போது கையில் பென்சில் இல்லை.

“அக்கா, செய்யப் பிடிக்கலைன்னா போயிடலாம். அது உங்க உரிமை, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இது பரீட்சை இல்ல. யாருக்கு மூளை ஜாஸ்தின்னு நாங்க பாக்கல.”

“பின்ன என்னாதான் பாக்கறீங்க?”

“முன்னாடி, அறிவு மூளையில ஏதோ ஒரு எடத்துல இருக்குன்னு தேடுனாங்க. இப்ப அப்படிப் பாக்கறது கொறஞ்சிருச்சு. ஒரு கேள்வி கேட்டா, பாக்கறதுக்கு ஒரு பகுதி, ஞாபகத்துக்கு ஒண்ணு, முடிவெடுக்க ஒண்ணுன்னு தூரத்துல இருக்கறதெல்லாம் சேந்து வேலை செய்யுது. ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேசிக்குது, ஒரே வீட்டுல வளந்த ரெண்டு பேருக்குள்ள அது எவ்வளவு மாறுதுன்னு பாக்கறோம்.”

சாந்தி ஜன்னலை முழுசாக இறக்கினாள். “ஒரு ரோடு ஜாம் ஆனா வேற ரோட்ல போவுமா?”

“போகும் அக்கா. எப்படிப் போகுதுன்னு முழுசா இன்னும் தெரியல. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டதே.”

“பயந்துட்டா?”

“பயந்துட்டா ஜாம்தான்! பிஎச்.டி. வைவாவுல எனக்கு என் கைடு பேரே மறந்துபோச்சு. எதிர்லயே ஒக்காந்திருந்தாரு.”

சாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். எஞ்சினை அணைத்தாள்.

“பென்சில அப்புறம் பாக்கலாம். மொதல்ல வாயால கேளுங்க. எங்கண்ணன் கதவுகிட்டகூட நிக்கக் கூடாது.”

நிற்கவில்லை. நடைபாதையின் கோடியில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கே வரைக்கும் இரண்டு பெண்களின் சிரிப்பு கேட்டது. பிறகு வாக்குவாதம். பிறகு மறுபடி சிரிப்பு.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உயிரினங்களின் பெயர் கேட்டதும், சாந்தி கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வேனை எடுத்திருக்கிறாள். முதல் வீட்டில் நாய். அடுத்த வீட்டில் பூனை, கூண்டில் கிளி. முனைக் கால்வாயில் உடும்பு. ஒருத்தன் பையில் டைனோசர் படம். இன்னொருத்தி பாட்டிலில் பென்குயின். இப்படியே ஒவ்வொரு வாசலாக நிறுத்தி நிறுத்திப் போய், ஒருத்தியின் பையில் இருந்த ஒற்றைக் கொம்புக் குதிரையில், யூனிகார்னில், தகராறு வந்துவிட்டது.

“அப்படி ஒண்ணு கிடையாதே அக்கா” என்றாராம் நிவேதா.

“கெடையாதா? தெனமும் காலையில என் வேன்ல ஏறுது!”

எத்தனை சொன்னாள் என்று கேட்டேன். “தனிப்பட்ட ஸ்கோர் சொல்லக் கூடாது சார்” என்றுவிட்டார் நிவேதா. பென்சில் வேலையையும் அவள் முடித்துக்கொடுத்திருந்தாள். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்றாம். ஆனால் முடித்தாள்.

ஸ்கேன் கடைசியில். குழாய் மாதிரியான அந்த மெஷினுக்குள் படுக்க வைத்து, அசையாமல், எதையும் குறிப்பாக யோசிக்காமல் சும்மா இருங்கள் என்றார்கள். சும்மா இருப்பது லேசா? மனசுக்குள்ளேயே ஒரு பத்தியில் பாதியை எழுதி முடித்துவிட்டேன். சும்மா இருக்கச் சொன்னால் எல்லார் மூளையும் அப்படித்தான், சொந்தக் கதையைக் கிளறப் போய்விடும் என்றார் நிவேதா. அந்த நேரத்தில் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்பதுதான் அவருக்கு வேண்டியதாம்.

சாந்தி உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் நிவேதா சிரித்துக்கொண்டே வந்தார். “அக்கா தூங்கிட்டாங்க சார்.”

அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் தூக்கமா? தினமும் நாலரை மணிக்கு எழுகிறவள். எழுப்பி, மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார். எனக்குக் கை பரபரத்தது. “பாத்தா தெரியுமா டாக்டர்? எது... கொஞ்சம் கூடுதல்?”

“எது யாருதுன்னே பாத்து சொல்ல முடியாது சார். பின்னால நம்பர் போட்டிருக்கறதால தப்பிச்சேன். நெறைய பேரோடத ஒண்ணா வச்சுப் பாத்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும்.”

இதற்காகவா ஃபிரேமுக்கு அளவெல்லாம் எடுத்து வைத்தேன்?

பிரிக்ஃபீல்ட்ஸில் இலை போட்டார்கள். ரசம் ஊற்றும் வரை பொறுத்தேன். பிறகு சொன்னேன். “மன்னிச்சிரு சாந்தி. கோழி கதைக்கு மட்டும் இல்ல. அன்னிக்கு ஹால்ல எல்லாருக்கும் முன்னால கேள்வி கேட்டதுக்கும்.”

அவள் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டாள்.

“எழுதுனது பேப்பர்ல. மன்னிப்பு மட்டும் எல மேலயா?”

ஆகவே, இந்த வாரம் இதோ. நான்கு வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் என் தங்கை சாந்தி சொன்னதாக நான் எழுதியதை அவள் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. அவள் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். பார்க்காதவர்கள் சிரித்தோம். பூச்சோங்கில் வேனுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அம்மாக்கள் இதையும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளி திறந்துவிட்டது. சாந்தி தன் மூளைப் படத்தை வேனின் டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஏறுகிற பிள்ளைகள் எல்லாம், “ஆன்டி, ஏன் காலிஃப்ளவர் படம் ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்கிறார்களாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக். நான் எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“படிச்சிட்டேன் ணே. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நீட்டுற லா.”