சுல்மா வீட்டு கேட்

அர்ஜென்டினாவின் ரெசிஸ்டென்சியா ஊரில் எங்கள் தெருவில் அழைப்பு மணி வைத்த வீடு கிடையாது. வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து திறந்தால் உண்டு. பிச்சைக்காரனும் தட்டுவான், பாதிரியாரும் தட்டுவார். சுல்மா ஓரெயானாவின் புருஷன் ரூஃபினோ மட்டும் உதைத்துத்தான் திறப்பான். இத்தனைக்கும் அது சுல்மாவின் அப்பா கட்டிய வீடு. அந்த உதை பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கும் கேட்கும்.

நானும் அவளும் கோழி அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தோம். கத்தியில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவள் கன்னம் வீங்கி வந்து, "கதவுல இடிச்சுக்கிட்டேன் எல்பா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெண்களின் தேசியச் சந்திப்பு எண்பத்தாறில் புவனஸ் அயர்ஸில் தொடங்கியது. தலைவி கிடையாது. ஆண்டுக்கு ஓர் ஊர், பள்ளிக்கூடத் தரையில் படுக்கை, வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அடுத்த ஊரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த ஊர்ப் பெயருக்குக் கைத்தட்டல் பலமோ அந்த ஊர். தொண்ணூற்றேழில் சான் ஹுவான். எம்பனாடா பலகாரம் சுட்டு விற்று நாங்கள் பஸ் பிடித்தோம்.

"நீயும் வாடி" என்றேன்.

"கொன்னுடுவான்."

"தீஃபுந்தா கொரேயாவுக்கு வேண்டுதல்னு சொல்லு. சாமின்னா அவனுக்கும் உதறும்."

பாலைவனத்தில் தாகத்தால் செத்த அந்தத் தாயின் கோயில் சான் ஹுவான் பக்கம்தான். தண்ணீர் பாட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். ரூஃபினோவே ஒரு பாட்டிலை நிரப்பிக் கொடுத்தனுப்பினான்.

வன்முறை பற்றிப் பேசிய வகுப்பறையில் சுல்மா வாயே திறக்கவில்லை. எல்லாரும் எழும் நேரத்தில், "எங்க வீட்டுக் கதவு என்னை இடிக்கல. அவன்தான் அடிக்கறான்" என்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. கடைசி நாள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். ஜெயித்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேருமே பாட்டிலை மறந்துவிட்டோம். வீடு திரும்பியதும் ரூஃபினோ அவள் பையைக் கவிழ்த்தான். அவன் நிரப்பிக் கொடுத்தது நிரம்பியபடியே தரையில் உருண்டது.

"எங்கடி போன? என்ன பண்ணின?"

"கை தட்டினேன்."

அவளுடைய வலக்கையை மேசையில் அழுத்திப் பிடித்து, கொத்தனார் சுத்தியலால் அடித்தான். எலும்பு உடையும் சத்தம் சுவரைத் தாண்டி வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் ஒருவன், "குடும்ப விஷயம்மா. பொய் சொல்லிட்டுப் போனா யாருக்குத்தான் கோவம் வராது?" என்றான். அந்த விரல்கள் மறுபடி நிமிரவேயில்லை. ஆலையும் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

அடுத்த ஆண்டு சந்திப்பு எங்கள் ஊருக்கு வந்தது. தெருமுனைப் பள்ளிக்கூடம் நிறையப் பெண்கள். ரூஃபினோ சுல்மாவை உள்ளே வைத்துப் பூட்டினான். மதியம் அவள் அலறினாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"ஒருத்தியைக் கொல்றான், வாங்க!"

யார், என்ன என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தெரு நிறைந்தது. கேட்டுக்கு வெளியே நின்று அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

ரூஃபினோ பூட்டைத் திறந்து கடப்பாரையோடு வந்தான். "போங்கடி முண்டைகளா!"

கேட்டைப் பிடித்திருந்த நெயுக்கேன் ஊரிலிருந்து வந்த ஒருத்தியின் நெற்றியில் ஓங்கி அடித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு, அந்தச் சிவந்த கையாலேயே திரும்பத் தட்டினாள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவன் மறுபடி கடப்பாரையை ஓங்கினான்.

அப்போது சுல்மா அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். உதடு கிழிந்து தொங்கியது. இடக்கையில் கோழிக் கத்தி. ஒரு வருஷமாக அந்தக் கையை ரகசியமாகப் பழக்கியிருக்கிறாள், எனக்குக்கூடச் சொல்லவில்லை. கத்தியை அவன் கழுத்தில் வைத்தாள். ரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது.

"கோழின்னா ஒரே இழுப்பு. தெரியுமில்ல? வெளிய நட."

கடப்பாரை விழுந்தது. வழிவிட்ட பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். தெருமுனை வரைக்கும் அவனுக்கு அடி விழுந்தது. விழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. நானும் இரண்டு வைத்தேன்.

வந்தவர்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில் ரூஃபினோ திரும்பி வந்தான். கேட்டை உதைக்கக் காலைத் தூக்கினான். நான் வெளியே வந்தேன். எதிர்வீட்டுக்காரி வந்தாள். வரிசையாக எல்லாக் கதவும் திறந்தன. காலை இறக்கினான். பிறகு இரண்டு கையையும் சேர்த்து மெதுவாகத் தட்டினான். இன்னும் பலமாகத் தட்டினான்.

ஜன்னல் திறந்தது. சுல்மா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வீட்ல யாரும் இல்ல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.