மிஷன் வீதிக் கடையில் எட்டு கிறிஸ்துமஸ்

காசுள்ளவருக்கு விற்பது யாருக்கும் வரும். வாங்க முடியாததைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் கையில் வாங்க முடிந்த ஒன்றைக் கொடுத்து, முகம் வாடாமல் அனுப்பி வைப்பதுதான் கடைத் தொழில். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று சம்பாதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் எங்கள் மேல் கொஞ்சம் இரக்கம் வைத்துப் படியுங்கள்.

புதுச்சேரி மிஷன் வீதியில் இருந்த ஒரு அலங்காரச் சாமான் கடையில் 1954 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தேன். கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் எடுத்தார்கள். வெள்ளைக்கார மதாம்கள் என்னைப் பிரெஞ்சு மரியாதையில் ‘மத்மொசேல்’ என்பார்கள். மற்றவர்கள் ‘ஏம்மா’ என்பார்கள். முதலாளி சைவர். நெற்றியில் விபூதி ஒருநாளும் குறையாது. ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரிலேயே கிறிஸ்துமஸ் பக்தி அதிகம் அவருக்குத்தான்.

கண்ணாடியில் மூக்கு

தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி அலமாரியை நாங்கள் ‘வித்ரீன்’ என்போம். சேர்ந்த மாதமே அதை ஜோடிக்கும் வேலை எனக்கு வந்தது. பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவி, பிரான்சிலிருந்து வந்த கண்ணாடி உருண்டைகளைச் சிவப்பும் பொன்னுமாகத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு விளக்கை வைத்தேன். அன்று சாயந்திரமே தெருவில் கூட்டம். கண்ணாடி முழுக்க மூக்கும் நெற்றியும் பதிந்த தடம். மணிக்கொரு தரம் துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் புதிதாக நாலு மூக்கு பதிந்திருக்கும்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு அம்மாள், கூடை காலியானதும் தினமும் வந்து நிற்பாள். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். “வாடைக்கு மதாம்களெல்லாம் உள்ள வர மாட்டேங்கறாங்க, அனுப்பிடு” என்றார் முதலாளி. எனக்கோ வேலை புதுசு. போய், “வாங்கலைன்னா இப்படி நிக்கக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பாக்கறதுக்கும் வெல போட்டிருக்கீங்களா? எங்க எழுதியிருக்கு, காட்டு.”

மூட்டைக்காரர்

வித்ரீன் நடுவில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு பெர் நோயல், அதுதான் கிறிஸ்துமஸ் தாத்தா, பொம்மை. வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, முதுகில் பெரிய மூட்டை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொம்மையையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ரகசியம் பேசுகிற குரலில் என்னிடம் கேட்டார்: “தொரைங்க போறாங்கன்னு சொன்னாங்க, சரி. இவ்ளோ பெரிய மூட்டையில நம்ம ஊர்லேர்ந்து எதக் கட்டிக்கினு போறாரு?”

ஒரே ஒரு உருண்டை

கண்ணாடி உருண்டைகள் பெட்டிக்குப் பன்னிரண்டாக வரும். பெட்டியாகத்தான் விற்க வேண்டும், பிரிக்கவே கூடாது என்பது கடைச் சட்டம். அந்த விலைக்குப் பெட்டி வாங்கக்கூடிய வீடுகள் ஊரில் விரல் விட்டு எண்ணலாம்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்த மீன்காரம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள். கூடையை வாசலிலேயே வைத்திருந்தாள். கை கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது. “எம் பேரு அஞ்சல. எம் பொண்ணுக்குப் புள்ள பொறந்து இருவது நாளாச்சு. தூளிக்கு மேல, எட்டாத உசரத்துல கட்டணும். செவப்புல ஒண்ணு குடு” என்றாள். பெட்டியாகத்தான் கிடைக்கும் என்றேன். “பன்னெண்டு புள்ளயா பொறந்திருக்கு?” என்றாள்.

ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பெட்டியைப் பிரித்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அஞ்சலை உருண்டையை முந்தானையில் பொதிந்து, முட்டையைத் தூக்கிக்கொண்டு போவது போலப் போனாள். மிச்சம் பதினொன்றை என்ன செய்வது? நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டேன். ‘ஒன்று வாங்கினாலும் கிடைக்கும்’ என்று அட்டையில் எழுதி வைத்தேன். தெருவோடு போன தையற்காரர் ஒன்று வாங்கினார். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா இரண்டு. வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு போலீஸ்காரர் ஒன்று. இன்னும் யார் யாரோ ஐந்து. முதலாளி வரும்போது நூலில் இரண்டுதான் மிச்சம். “யாரைக் கேட்டுப் பெட்டியைப் பிரிச்சே?” என்று அவர் ஆரம்பித்த கையோடு, ஒருவர் வந்து அந்த இரண்டையும் கழற்றிக்கொண்டு போனார். முதலாளி வெறும் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நாளைக்கு இன்னொரு டசனை உடைச்சுடு. பெட்டியைச் சொன்னேன், உருண்டையை இல்ல.”

கப்பல் சாமான் வராத வருஷம்

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாம் வருஷம் கப்பல் சாமானே நின்றுபோனது. சுங்கம், அனுமதிச் சீட்டு என்று என்னென்னவோ சொன்னார்கள். டிசம்பர் பிறந்தும் பிரான்சிலிருந்து ஒரு பெட்டிகூட வரவில்லை. “வித்ரீன்ல குடை வச்சுடலாம்” என்றார் முதலாளி. கூடவே, “குடை விக்க பிரெஞ்சு தெரிஞ்ச பொண்ணு எதுக்கு? ஜனவரியிலேர்ந்து நின்னுக்கோ” என்றும் சொன்னார். அப்பா படுக்கையில் இருந்தார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். “பத்து நாள் குடுங்க. வித்ரீனை நான் நிரப்பறேன்” என்றேன்.

நிரப்ப என்ன இருந்தது? மளிகைக் கடைகளில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாள். காற்றாடி செய்கிற வண்ணக் காகிதம். கூடை முடைகிறவர் கழித்துப் போட்ட மூங்கில் சிம்பு. நானும் அம்மாவும் உட்கார்ந்து ஐந்து முனை நட்சத்திரங்களாகக் கட்டினோம். உள்ளே சின்ன விளக்கை வைக்க இடம் விட்டு, முனைக்கு முனை ஈயத்தாள் குஞ்சம் தொங்கவிட்டோம். அம்மாவின் விரலெல்லாம் மூங்கில் கீறல். முதல் இருபது நட்சத்திரங்களை ஒரு மத்தியானம் வித்ரீனில் ஏற்றினேன்; மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுச் சாமான் தவிர வேறெதையும் தொடாத ஒரு மதாம் வந்தார். நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர்ச் சரக்கு என்று பிரெஞ்சில் கேட்டார். எங்கள் வீட்டுக் கூடத்துச் சரக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து முதலாளி முந்திக்கொண்டார்: “மதாம், இது இந்தியாவுல வேற எந்தக் கடையிலயும் கெடைக்காது.”

மீசை வைத்த சூசையப்பர்

நட்சத்திரம் ஆயிற்று, இயேசு பிறந்த குடிலுக்குள் வைக்கிற சுரூபப் பொம்மைகளுக்கு எங்கே போவது? பஸ் பிடித்து வில்லியனூர் போய் ஒரு குயவரைப் பார்த்தேன். ஐயனார் குதிரையும் கொலு பொம்மையும் செய்கிறவர். ஜெபப் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். “இவரு யாரு?” என்றார் சூசையப்பரைத் தொட்டு. குழந்தையை வளர்த்த அப்பா என்றேன். ஐந்தாம் நாள் வைக்கோல் கூடையில் சாமான் வந்து இறங்கியது. மாதா அழகு. குழந்தை அதைவிட அழகு. ஆடுகள் கொஞ்சம் குதிரை மாதிரி நின்றன, அதைக்கூட விட்டுவிடலாம். சூசையப்பருக்கு இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை!

திருப்பி அனுப்ப நேரமில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்களே என்று, அவரை மாட்டுக்குப் பின்னால் பாதி மறைத்து வைத்தேன். முதலில் உள்ளே வந்தவரே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர். பூசை தவறாதவர், லேசில் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். மாட்டை நகர்த்திவிட்டு, சூசையப்பரைக் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அவர் தன் மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: “வெளிநாட்டுச் சுரூபமெல்லாம் பாத்திருக்கேன். இவரை நம்பித்தாம்மா புள்ளையைக் குடுத்துட்டு ஊருக்குப் போகலாம்.”

இன்னும் சுரூபம் கேட்டு அந்தக் குயவருக்கு அடுத்த மூன்று நாளில் நான் மூன்று முறை ஆள் அனுப்பினேன். குடை பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை; என் வேலையும் நின்றது, நிற்பது என்றால் நிலைத்தது.

இருபத்து நாலாம் தேதி

வித்ரீனில் வைத்ததை விற்பதில்லை என்று முதலாளி ஒரு கொள்கை வைத்திருந்தார். அந்த இருபத்து நாலாம் தேதி சாயந்திரம் அந்தக் கொள்கையும் போயிற்று. அலமாரிகள் காலி. மில் தொழிலாளிகள் வேலை விட்ட உடுப்போடு வந்து நின்றார்கள். “அதோ தொங்குதே, அதக் குடுங்க” என்றார்கள். நான் ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தேன். முதலாளியே கீழே நின்று வாங்கி, காகிதத்தில் சுற்றினார். பனியாகத் தூவியிருந்த பஞ்சைக்கூட ஒரு அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடையைக் கட்டுகிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வருஷா வருஷம் முதல் பெட்டி எடுத்துப் போகும் பெரிய வீட்டுத் துரை, நாங்கள் ‘முசியே’ என்கிறவர். காலியான வித்ரீனைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் அவர் மூக்கு பதிந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது. தெருக்கோடி வரை வீட்டுக்கு வீடு எரிந்துகொண்டிருந்த எங்கள் காகித நட்சத்திரங்களை அவர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “அப்ப இந்த வருஷம் என் சமையல்காரன் வீட்டு நட்சத்திரத்தைத்தான் நான் போய்ப் பாத்துட்டு வரணும்.”

ஊரில் பாதி வாசலுக்கு நட்சத்திரம் கட்டிக்கொடுத்த எனக்கு, எங்கள் வீட்டு வாசலுக்கு என்று ஒன்றை எடுத்துவைக்க மட்டும், அந்தக் கடையில் இருந்த எட்டு கிறிஸ்துமஸில் ஒரு வருஷம்கூட ஞாபகம் வந்ததில்லை.