ஓனர் கழற்றிக் கொடுத்த செருப்பு

அன்று காலை என் செருப்பு ஸ்டாண்டில் இருந்தது மூன்றே பேர்: நான், என்னை வேலையை விட்டுத் துரத்திய லாட்ஜ் ஓனர், அவர் மனைவி. பெட்ஷீட் திருடினேன் என்று பழி போட்டு, கடைசி மாதச் சம்பளம் கொடுக்காமல் அனுப்பியவர் அவர். எட்டாவதோடு நின்ற எனக்கு அதன்பிறகு இந்த ஸ்டாண்டுதான் பிழைப்பு. பௌர்ணமி கிரிவலம் போக, செருப்பைக் கழற்றி என்னிடமே நீட்டினார்.

அவர்கள் போனதும் அவருடைய ஜோடியை மட்டும் கோணிக்குள் ஒளித்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லி, கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு அனுப்ப நினைத்தேன். யாராவது பார்த்திருந்தால்? கர்த்தர் பார்த்திருப்பாரே? சின்னப் பொறுப்பிலும் உண்மையாயிருக்க வேண்டும் என்று வாராவாரம் சபையில் கேட்கிறவன் நான். இருந்தும் வெளியே எடுக்கவில்லை.

வெயில் ஏறியபின் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா டோக்கனை நீட்டிச் சிரித்தார்.

"பக்கத்து ஸ்டாண்டுலயும் கூட்டம் இல்லதான் தம்பி. இவருதான், 'நம்ம லாட்ஜுல இருந்த ஆளு, அடுத்தவன் பொருள தொடமாட்டான்'னு இங்க இழுத்துட்டு வந்தாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் நான் திருடவில்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரியும்!

கோணியிலிருந்து செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். "அப்போ பெட்ஷீட்ட எடுத்தது யாருங்க ஓனர்?"

"இன்னாங்க சொல்றாரு இவரு?" என்றார் அந்த அம்மா. ஓனரோ, பக்கிளே இல்லாத செருப்புக்குப் பக்கிள் மாட்டுவதுபோலக் குனிந்தே இருந்தார்.

செருப்பு தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் இருந்திருக்காது. மன்னிக்கும் மனசுக்காக ஜெபிக்கிறேன்; இன்னும் வரவில்லை. அவர் தர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரம் ரூபாய்.