குறையில்லாத வீடு

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டும் வேலை பரிபூரணத்துக்கு. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகவில்லை. அம்மா போன பிறகு தம்பி எட்வினை வளர்த்தது அவள்தான். அப்பா வைகுண்டராஜ் குடித்துவிட்டு வந்து பெல்டைக் கழற்றும்போதெல்லாம் குறுக்கே விழுந்து பாதி அடியை வாங்கிக்கொண்டதும் அவள்தான்.

அந்த எட்வின் இருபது வயதில், மூடிக் கிடந்த ஒரு மில்லின் பூட்டை உடைத்துத் தாமிரக் கம்பி திருடி மாட்டிக்கொண்டான். குற்றம் நிரூபணமாகிவிட்டது. முதல் குற்றம், சின்ன வயது என்பதால், ஜெயிலா அல்லது நன்னடத்தையில் வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வீட்டு நிலவரத்தை விசாரிக்கச் சொன்னது.

விசாரிக்க வந்த அலுவலர் நவநீதகிருஷ்ணன் தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. வீடு கெட்டிருந்தால் பிள்ளையைத் திருத்தலாம்; வீடு நன்றாக இருந்தும் கெட்டவனைத் திருத்தவே முடியாது. இதை அவளிடம் அவர் சொல்லவில்லை. படித்தவர்கள் எதைத்தான் நம்மிடம் முதலிலேயே சொல்கிறார்கள்?

அந்தத் தெருவில் வெளியாள் வந்து ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தால் அது கல்யாண விசாரிப்பாகத்தான் இருக்கும். யாரும் குறை சொல்லக் கூடாது என்பது முறை. பரிபூரணத்துக்கு வேறு விசாரிப்பு தெரியாது. முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அப்பாவை வத்திராயிருப்பில் சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போட்டாள்.

அப்பா குடிப்பாரா என்று அவர் கேட்டார். தொடமாட்டார் என்றாள். அடிப்பாரா? கைநீட்டியதே இல்லை. பையன் ஏழாவதோடு நின்றது ஏன்? படிப்பில் நாட்டமில்லை என்றாள். அந்த வருஷம் அடுப்பே எரியாத நாட்கள் எத்தனையோ இருந்தன.

"எங்க வீட்டுல ஒரு கொறையும் கெடையாது சார்," என்றாள் பெருமையாக.

அறிக்கையில் அது அப்படியே ஏறியது. வறுமை இல்லை, கொடுமை இல்லை, குற்றம் இவனது சுபாவம். இரண்டு வருஷம் கொடுத்துவிட்டார்கள்.

கோர்ட் வராந்தாவில் வக்கீலிடம் அவள் பெல்ட், பட்டினி எல்லாவற்றையும் கொட்டினாள். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்றார் அவர். பாவி மகள், மானத்தைக் காப்பாற்றித் தம்பியைக் கைவிட்டாள்.

போலீஸோடு வந்த எட்வின் அவளிடம் கோபப்படவில்லை. கோர்ட்டுக்குள் வாசித்த அறிக்கையை அவன் நம்பிவிட்டிருந்தான்.

"அக்கா, நான் பொறவியிலேயே இப்பிடித்தானா?"

அவள் வாயைத் திறக்குமுன், தீர்ப்புக்காகச் சித்தி வீட்டிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற வைகுண்டராஜ் முந்திக்கொண்டார்.

"பின்ன என்னலே? என் மேல குத்தமில்லைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்குல்ல."