லண்டன் என்று சொல்லப்பட்ட மாளிகை

முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் பவானி அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டார் என்ற செய்தி வந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நெஞ்சு நோவை வாயு வாயு என்று சொல்லியே எங்களை ஏமாற்றிய பொல்லாத மனுசி.

எங்கள் நொய்கெல்ன் பகுதிக் கோயிலில் அவரைக் கண்டு பழகியவர்களுக்கு அவர் வாய்க்காரி. அந்தச் சமையலறையில் பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்கு வேறொன்றும் தெரியும். லண்டனில் இருந்த தங்கை சுகந்திக்குத் தொண்டையில் புற்றுநோய். ஒப்பரேசனோடு பேச்சும் போய்விட்டது. போய்ப் பார்க்க அக்கா கேட்ட விசா மறுக்கப்பட்டது. மறுபடி கேட்டுக் காத்திருக்கையில் சுகந்தி இறந்துவிட்டார். பருத்தித்துறையில் படுக்கையில் கிடக்கும் தாயாருக்கு அதைச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. தாயாரோ ஒவ்வொரு முறையும், "தங்கச்சியைப் போய்ப் பாத்தனியோ?" என்றே கேட்டார்.

ஒரு ஞாயிறு அக்கா என்னைப் பொட்ஸ்டாமுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏரிக்கரைப் பூங்காவுக்குள், ஆங்கிலேயரின் டியூடர் காலத்து வீடுகளைப் பார்த்துக் கட்டிய பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. கறுத்த மரச்சட்டங்கள், ஒன்றைப்போல் ஒன்றில்லாத செங்கல் புகைபோக்கிகள். வந்தவர்களெல்லாம் அறை அறையாகச் சரித்திரம் பார்க்க, அக்கா முற்றத்தில் டொச், அதாவது ஜெர்மன் எழுத்தில்லாத சுவர் தேடினார்.

"அம்மாவுக்கு டொச் வாசிக்கத் தெரியாதே அக்கா."

"அயலட்டைச் சனம் பாக்கும். போர்டு படத்தில விழாமல் எடும்."

சேலைக்கு மேல் கோட்டோடு, வாசல் வளைவின் கீழ் நின்று சிரித்தார். லண்டன் என்று எழுதிப் படம் அனுப்பிய கையோடு தாயாரின் அழைப்பு வந்தது.

"வீடு வடிவாக் கிடக்கு. தங்கச்சியைப் படத்தில காணேல்ல?"

"அவள்தானே அம்மா படம் எடுக்கிறாள்."

கைபேசியை வைத்துவிட்டுப் புல்வெளியில் குந்தியிருந்து குழறி அழுதார். நாயோடு வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு வேறு பாதையால் போனார்.

பிறகு பூக்காலத்திலும் பனியிலும் அங்கே போனோம். "லண்டனிலயும் அதே கோட்டோ?" என்று தாயார் கேலி செய்வார். "பொய்யெண்டாலும் அவவுக்கு ரெண்டு பிள்ளையளும் இருக்கட்டும்" என்பார் அக்கா. அது நியாயமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

நேற்று அக்காவைத் தகனம் செய்தோம். ஆஸ்பத்திரியில் தந்த அவருடைய கைபேசி என்னிடம் இருக்கிறது. இன்று காலை அது அடித்தது; தாயார்தான். கூட வேலை செய்கிறவள் என்றேன்.

"பவானி எங்க, பிள்ளை?"

"அக்கா லண்டனுக்குப் போய்ட்டா அம்மா. தங்கச்சியோட நிக்கிறா."

"அப்ப சரி. ரெண்டு பேரும் ஒண்டா நிக்கிற படம் ஒண்டு அனுப்பச் சொல்லு."

ஓம் என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாய்தான். அவருக்கு அனுப்ப அப்படியொரு படம் என்னிடம் இல்லை.