குங்குமம் வைத்த பிரிண்டர்

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கே பிரிண்டர் படுத்துக்கொண்டது. வாசலில் கட்டின வாழைக்கன்று இன்னும் முழுசாக வாடவில்லை. கேட்டுக்கு முன்னால் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு ரோட்டை விட்டுப் போகவில்லை. அதற்குள் இப்படி. தெய்வானை பிரிண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பழைய மதராஸ் ரோட்டில் பம்ப்செட் சாமான் விற்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் பெயர். பக்கத்து ஜோகுபாளையத்துப் பெண். நாகேஷ் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கின வருஷம் வேலைக்கு வந்தவள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிற கணக்கு புரோகிராம், அதோடு பட்டைக் கேபிளில் கட்டிப்போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது கரகரவென்று ஆரம்பித்தால் ஃபோனில் இருப்பவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். புருஷன் இல்லாமல் மகள் தீபிகாவைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த மெஷின்தான் என்பாள். சம்பளம் முதலாளி கொடுத்தார் என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

இப்போது முதலாளி பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கன்னடம் கலந்த தமிழ் பேசுகிற மகள் ரக்ஷிதாதான் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லா பில்லும் லேப்டாப்பில் போகிறது. தெய்வானைக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். மவுஸ் கைக்கு வந்தது, மண்டைக்கு எதுவும் வரவில்லை. பழைய வாடிக்கைப் பார்ட்டிகளின் கணக்கு மட்டும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. அதை லேப்டாப்புக்கு மாற்ற வந்த ஆட்கள், காகிதத்தில் அடித்து எடுத்தால்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டி அங்கே இருக்கிற வரைக்கும்தான் தன் நாற்காலியும் இருக்கும் என்பது தெய்வானைக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி படுத்தால் அதே நினைப்பு.

அதனால் இந்த வருஷம் பூஜையில் பிரிண்டரைக் கொஞ்சம் பலமாகவே கவனித்தாள். மற்ற மெஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு. இதற்கு நெற்றியில், பக்கத்தில், பேப்பர் நுழைகிற வாயில் எல்லாம் சந்தனத்தைக் குழைத்து வழிய வழிய வைத்து, மேலே குங்குமம். "எங்கயும் போயிடாதப்பா" என்று வாய்விட்டே கேட்டாள்.

இப்போது பேப்பர் சொருகியிருந்தும் பேப்பர் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டாள். ரிப்பனை மாற்றினாள். கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினாள். விளக்கு அசையவில்லை.

ரக்ஷிதா வந்து எட்டிப் பார்த்தாள். "எப்படியாவது இன்னைக்கு ஓடணும் அக்கா. ரொம்ப முக்கியம்."

முக்கியமாம்! பயத்துக்கு நடுவிலும் தெய்வானைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மெஷினை ரக்ஷிதா முக்கியம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. தானே ஃபோன் போட்டு ரிப்பேர்காரனைக் கூப்பிட்டாள்.

வந்தவன் ஹரிஷ். ஆம்பூர்ப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி ஹாஸ்டலில் இருக்கிறான். டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே பையைத் திறந்தான்.

"கம்ப்யூட்டர்ல கோளாறா, பிரிண்டர்லயான்னு மொதல்ல பாத்துடலாம்க்கா." கேபிளை உருவிவிட்டு, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்விட்ச் போட்டான். நல்ல பிரிண்டராக இருந்தால் தன்பாட்டுக்கு எழுத்துகளை அடித்துக் காட்டுமாம். இது ஒன்றும் அடிக்கவில்லை. "கம்ப்யூட்டர் தப்பிச்சுது. நோவு இதுக்குத்தான்."

"பொழைக்குமா தம்பி?"

"தொறந்தாதான் தெரியும்."

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். உள்ளே, பேப்பர் வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற ஒரு சின்ன நாக்கு. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வழிந்து, காய்ந்து, அதை மடக்கி ஒட்டிப்போட்டிருந்தது. ஹரிஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, அதுக்கு வாயிலயே பொட்டு வெச்சிருக்கீங்க?"

தெய்வானைக்கு உடம்பு கூசிப்போனது. "மெதுவா பேசுப்பா. அந்தப் பொண்ணு காதுல விழப்போவுது."

அவன் சிரித்துக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தான். பஞ்சு சிவந்தது. நாக்கு டக்கென்று நிமிர்ந்தது, விளக்கு அணைந்தது. பிரிண்டர் கரகரவென்று ஒரு வரி முழுக்க அடித்தது. தெய்வானைக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ரக்ஷிதா ஓடிவந்தாள். "என்ன ஆகியிருந்தது?"

"தூசிங்க மேடம்" என்றான் ஹரிஷ். நல்ல பிள்ளை.

"அய்யோ, தேவ்ரே! நான் பயந்தே போயிட்டேன்." ரக்ஷிதா தெய்வானையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பழைய பார்ட்டி கணக்கு எல்லாமே அடிச்சு எடுத்துடுங்க. பசங்க அதைப் பார்த்து லேப்டாப்ல ஏத்திடுவாங்க. அதோட இந்த சிஸ்டத்தை மூடிடலாம். இது நின்னுபோச்சுன்னா எப்படி எடுக்கிறதுன்னுதான் இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்."

தெய்வானை கழற்றி வைத்த மூடியை எடுத்துப் பிரிண்டரில் பொருத்தினாள்.

"நீங்களும் வீட்ல நிம்மதியா இருங்க அக்கா. எஷ்டு வருஷம் கஷ்டப்பட்டுட்டீங்க! அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்." ரக்ஷிதா அன்பாகத்தான் சொன்னாள். அதனால் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

ஹரிஷ் கேபிளை மாட்டிவிட்டுப் பையை மூடிக்கொண்டு கிளம்பினான். பஞ்சு மேஜைமேல் கிடந்தது. எங்கேயும் போகாதே என்று கேட்டதற்கு பிரிண்டர் பாவம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தானே ஆளைக் கூப்பிட்டுத் திறக்க வைத்தோமே என்று தெய்வானைக்கு வயிறு எரிந்தது.

முதல் பார்ட்டியின் பெயரைத் தட்டினாள். பேப்பர் வர ஆரம்பித்தது. ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழித்துக் கிழித்து அடுக்கினாள். நடுவில் ஒருமுறை, நின்றுவிடாதா என்று அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரியவில்லை. ஹரிஷ் நன்றாகத்தான் துடைத்திருந்தான்.