ரஸ்மினியின் வளரும் குழாய்

ரஸ்மினிக்குக் கோபம் வந்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிடும். ஜகார்த்தாவின் வடகோடியில், கடல் சுவரை ஒட்டிய கம்போங் கெராங் குப்பத்தில், எல்லாரும் மரியாதையாக 'இபு' என்று கூப்பிடும் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை. அதற்கு அவள் வாய் மட்டும் காரணமில்லை, அவளிடம் தண்ணீர் இருந்தது. நகரக் குழாயில் காற்றுதான் வரும், தப்பித்தவறித் தண்ணீர் வந்தாலும் உப்புக் கரிக்கும். ரஸ்மினி வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான் தெருவே அரிசி களைந்தது, சிப்பி வேகவைத்தது, செத்தவர்களைக் குளிப்பாட்டியது. புருஷன் போன பிறகு, அந்தத் தண்ணீரைக் கேனில் நிரப்பித் தள்ளுவண்டியில் விற்றுத்தான் அவள் மகன் வார்யோவை ஆளாக்கினாள்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு பெருமை உண்டு. அது வளரும். புருஷன் இறக்கியபோது இரும்புக் குழாயின் வாய் அவள் முழங்காலுக்கு இருந்தது. சில வருஷத்தில் இடுப்புக்கு வந்தது, அப்புறம் மார்புக்கு. கை எட்டாமல் போனால் மேலே கொஞ்சம் அறுத்து எடுப்பார்கள். அது தெருவுக்கே திருவிழா. மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, தொழுகை நடத்தும் பெரியவரை உட்கார்த்தி துவா ஓதி, வீட்டுக்கு மூத்த பிள்ளை ரம்பம் பிடிக்க வேண்டும். பிள்ளையில்லாத பெண்கள் வந்து குழாயைத் தொட்டு வயிற்றில் ஒற்றிக்கொள்வார்கள். ரஸ்மினி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள்.

வெள்ளம் உள்ளே வராதபடி வீட்டுத் தரையை உயர்த்துவதும் இங்கே எல்லார் வீட்டிலும் நடப்பது. இடித்த கல், சிப்பி ஓடு எல்லாம் கொட்டி மேலே சிமென்ட் பூசுவார்கள். தரை ஏற ஏறக் கூரை தலையில் இடித்தது. ரஸ்மினி தன் வீட்டுக்குள் குனிந்துதான் போவாள். குழாய் வளர்வதையும் வாசல் சிறுப்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் புத்தி போகவில்லை.

வார்யோவுக்குப் போயிற்று. அவன்தான் தெருவின் சாக்கடைப் பம்பை ஓட்டுகிறவன். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தெருவைவிட உயரத்தில் நிற்கிறது, சாக்கடை தானாக ஓடிப் போய் விழ வழியில்லை. டீசல் பம்ப் அதை இறைத்துச் சுவருக்கு மேலாகக் கடலில் கொட்ட வேண்டும். பம்ப் அறைக்கு அடுத்து, சுவரில் முதுகைச் சாய்த்த சின்ன வீட்டில் அவனும் மனைவி நுரியாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

அந்த வருஷம் குழாய் அறுக்கிற நாள். சோறு குவித்தாகிவிட்டது. தெரு முழுக்க முற்றத்தில். வார்யோ ரம்பத்தைக் கையில் வாங்கவில்லை.

"மாக், இந்தக் குழாய் வளரலை" என்றான் அம்மாவிடம்.

"பின்ன? உங்கப்பன் கீழேருந்து தள்ளி விடறானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"சுவரைப் பாக்க வந்த இன்ஜினியர்கிட்ட கேட்டேன். குழாயோட கால் அடியில கெட்டி மண்ணுல ஊனி நிக்குது. அது நின்ன எடத்துலயேதான் நிக்குது. நாமதான் இறங்கறோம். தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச மண்ணு அமுங்குது. சுவரும் நம்மகூடவே இறங்குது, மாக். எங்க வீட்டுப் பின்பக்கம் கசிய ஆரம்பிச்சிடுச்சு."

ரஸ்மினி சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். "அடிமடியிலயே கை வைக்கிறியாடா? இந்தத் தண்ணியில வளந்த உடம்புதானே இது? ஐஸ் ஃபாக்டரிக்காரன் ராப்பகலா உறிஞ்சறானே, அவன்கிட்ட போய்ச் சொல்லேன்."

"போனேன். கேட்டைத் திறக்கலை. நீங்க என்னைப் பெத்தவங்க, திறப்பீங்கன்னு வந்தேன்."

சோறு ஆறிப்போயிற்று. மூத்த பிள்ளை தொடாத ரம்பத்தை வேறு யார் தொடுவது? கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

இரண்டு நாள் மகனோடு பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பகலில், பேத்தியைப் பார்க்கப் போகிறமாதிரி போனாள். வீட்டின் உத்தரத்தில் கட்டிய துணித் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்சுவரில் தடவிப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விரலை நாக்கில் வைத்தாள், உப்பு. ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று அண்ணாந்து பார்த்தாள். தூளிக்கு மேலே, அவள் தலைக்கும் மேலே. அந்த உயரத்தில், ஒரு கல் கனத்துக்கு அப்பால் கடல் நின்றுகொண்டிருந்தது. ஒரு கையால் தூளியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று நுரியாவைக் கேட்டாள்.

"போன பௌர்ணமிலேருந்து, இபு. துணி வெச்சுத் தொடச்சுக்கிட்டே இருக்கேன். தொடச்சா போயிடும்னு நினைச்சேன்."

அந்த வாரமே ரஸ்மினி கொத்தனாரைக் கூப்பிட்டாள். ஜல்லியும் சிமென்டும் கலந்து குழாய்க்குள் கொட்டச் சொன்னாள். பக்கத்தில் நின்று, தொண்டைவரை நிரம்புகிறவரை பார்த்தாள். அழவில்லை. உள்ளே போய்க் கேன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தள்ளுவண்டியை விற்றாள். தான் மூடினால் பக்கத்துத் தெருக் கிணற்றுக்காரர்களும் மூடுவார்கள், சுவர் நிற்கும், குழந்தை பிழைக்கும் என்பது அவள் கணக்கு. தெருத் தலைவர் பாக் டர்மாஜியும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்: "நகரத் தண்ணி வந்துடும், இபு. நான் மேல பேசிட்டேன்."

மேலே யார் காதில் விழுந்ததோ, குழாயில் காற்றுதான் வந்தது. மழைக்காலம் தாண்டியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்கு அலைந்தார்கள். அலைந்தவர்கள் ரஸ்மினி வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் வீட்டுக் கார்த்தெம் முற்றத்தில் துளைபோடுகிற முக்காலிச் சட்டம் நட்டு, நாலு ஆட்கள் போர் போட ஆயத்தமாக இருந்தார்கள். ரஸ்மினி செருப்புக்கூடப் போடாமல் போனாள்.

"என்னடி இது?"

"கோவிச்சுக்காதீங்க, இபு. நீங்க மூடுனீங்க, புண்ணியம். நாங்க நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டா கிடக்கறது? மூணு பொடிசுங்கள வெச்சிருக்கேன்."

"வார்யோ சொன்னது காதுல விழலையா? மண்ணு இறங்குதுடி."

"எல்லாரும் சேந்துதானே இறங்கறோம். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன? இத்தனை வருஷம் நீங்க குடிச்சப்போ இறங்கலையா?" கார்த்தெம் சண்டைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் ரஸ்மினியைச் சுருக்கென்று குத்தியது.

அதற்குள் மஞ்சள் சோறு வந்துவிட்டது. கோபுரத்தின் உச்சியை அறுத்து, அங்கே இருப்பவர்களில் பெரியவருக்கு முதலில் தருவது முறை. கார்த்தெம் அந்த உச்சியை வாழையிலையில் வைத்து இரண்டு கையாலும் ரஸ்மினியிடம் நீட்டினாள்.

"உங்க குழாய் வளந்தமாதிரி எங்களுதும் வளரணும்னு வாய் நிறைய வாழ்த்துங்க, இபு."

ரஸ்மினி சுற்றிப் பார்த்தாள். கிண்டல் செய்கிற முகம் ஒன்றுகூட இல்லை. பாக் டர்மாஜிகூட அங்கே இருந்தார், தலை நனையத் தைலம் தடவி வந்திருந்தார். அடுத்தது தன் வீட்டுக்கு என்று துளைபோடுகிற ஆளிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்கு அந்தக் குழாயைக் கும்பிடக் கற்றுக்கொடுத்தவள் தான்தான் என்று அவளுக்குப் பட்டது. இலையை வாங்காமல் திரும்பி நடந்தாள்.

நேராக மகன் வீட்டுக்குப் போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள்.

"நுரியா, ரெண்டு துணி எடுத்துக்கோ. இந்திரமாயுவுல என் தங்கச்சி வீடு இருக்கு. பஸ் இப்ப கிளம்பும்."

வார்யோ பம்ப் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். கையெல்லாம் டீசல்.

"நீயும் வாடா" என்றாள்.

"நான் வந்தா இதை யாரு ஓட்டறது?"

"போர் போடறவன் வந்து ஓட்டட்டும்."

"அவங்களுக்குத் தெரியாது, மாக். நிறுத்தினா பொழுது சாயறதுக்குள்ள கார்த்தெம் அக்கா வீட்டுல இடுப்பளவு வந்துடும்."

"அவ உன் பொண்டாட்டி பிள்ளைக்குக் குழி தோண்டறா, நீ அவ வீட்டுத் தண்ணிய இறைக்கிறியா? உன்னைப் பெத்த வயித்துல பெரண்டையத்தான் கட்டிக்கணும்."

வார்யோ குழந்தையின் பாதத்தைத் தொடப் போனான், கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். வீட்டுக்குள் பின்சுவரிலிருந்து இப்போது ஈரம் மட்டும் வரவில்லை, நூல்போலத் தண்ணீர் ஓடித் தரையில் தேங்கியிருந்தது.

பஸ் நிலையத்தில் ரஸ்மினி நுரியாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்தாள். இன்னொரு சீட் அவளுக்கென்று காலியாக இருந்தது. நடத்துனர் ஏறச் சொன்னார். அவள் ஏறவில்லை.

"நீங்க வரலையா, இபு?"

"அவன் தனியா இருக்கான்" என்றாள். நுரியா அழுதாள். பஸ் போயிற்று.

திரும்பி வந்து பம்ப் அறைக்குள் குனிந்து நுழைந்தாள். தோள்துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எதை முதல்ல திருகணும், காட்டு. நீ கண்ணசரணும்னா ஒருத்தி வேணும்ல."

வார்யோ அம்மாவை உற்றுப் பார்த்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தான். அப்போது கார்த்தெம் வீட்டுப் பக்கமிருந்து, தண்ணீர் வந்துவிட்டதென்று தெருவே கைதட்டுவது கேட்டது. வார்யோ பம்பின் வேகத்தைக் கூட்டினான்.